காற்றறிந்து பறப்போர்

கோடை விடுமுறையில் இமயமலைச் சாரலுக்கு உலாச் சென்று திரும்பும் குடும்பங்களின் ஒளிப்படங்களில் இப்போதெல்லாம் ஒரு புதுக்காட்சி இடம் பெறுகின்றது. பனி மூடிய சிகரங்கள் பின்னே நிற்க, பிறைநிலவு போல் வளைந்த வண்ணத் துணியொன்றின் கீழே, வீட்டுப் பிள்ளையும் அவனுக்குப் பின்னால் ஓட்டுநர் ஒருவரும் அந்தரத்தில் அமர்ந்திருக்கின்றனர். படத்தைக் கையில் வாங்கும் பாட்டி, "இதற்கு எஞ்சின் எங்கேடா? இந்த நூல் அறுந்து போனால் என்ன ஆவது?" என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்கின்றார். பேரனோ, "ஒன்றும் ஆகாது பாட்டி, பதினைந்து நிமிடந்தானே!" என்று சிரிக்கின்றான்.

பாட்டி அஞ்சுவது நூலுக்கு. நூல் அறுவதோ மிக மிக அரிது. பேரன் அஞ்சாதிருப்பது காற்றுக்கு. உண்மையில் மதித்து அஞ்ச வேண்டியது அதற்குத்தான். பாராகிளைடிங் என்னும் இவ்விளையாட்டின் சிறப்பும் ஆபத்தும் ஆகிய இரண்டும் காற்றிலேயே அடங்கியுள்ளன. நம் இளைஞர் பலர் இதனை நாடத் தொடங்கியுள்ள இந்நாளில், பெற்றோரும் பிள்ளைகளும் இதன் இயல்பை ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இக்கட்டுரையைத் தருகின்றோம்.

பெயரும் பொருளும்

முதற்கண் சில குழப்பங்களை நீக்கிவிடுவோம். கடற்கரையில் விசைப்படகு இழுத்துச் செல்ல, அதனோடு கட்டிய கயிற்றின் முனையில் குடையொன்றில் தொங்கி மேலே எழுவர் சிலர். அது பாராசெயிலிங், அங்கே பறப்பவர் செய்ய வேண்டியது ஏதுமில்லை, படகு இழுத்த இழுப்புக்குச் செல்வதே வேலை. ஆகாய விமானத்திலிருந்து குதிப்போர் பயன்படுத்துவது பாராசூட் எனப்படும் வான்குடை. விழுகின்ற வேகத்தைத் தணித்து உயிரோடு தரை சேர்ப்பதே அதன் தலையாய பணி. உலோகக் குழாய்களாலான சட்டத்தில் துணியை விரித்து, அதன் கீழே குப்புறப் படுத்தவாறு பறப்பது ஹாங்கிளைடிங்.

பாராகிளைடர் இம்மூன்றினும் வேறானது. இதில் எஞ்சின் இல்லை, சட்டமில்லை, விறைப்பான பாகம் எதுவுமே இல்லை எனலாம். துணியும் நூலும் கொண்டு தைத்த ஒரு சிறகு. அதன் கீழே பறப்பவர் அமர ஓர் இருக்கை. மலைச்சரிவில் சில அடிகள் ஓடி, நடந்து பழகிய காலாலேயே வானில் ஏறுவர். வேலை முடிந்ததும் சிறகை மடித்துப் பைக்குள் திணித்து முதுகில் சுமந்துகொண்டு வீடு திரும்புவர். பை, சிறகு, இருக்கை யாவும் சேர்ந்து 12 முதல் 20 கிலோ வரை இருக்கும். மனிதன் பறப்பதற்கெனக் கண்ட கருவிகளுள் இத்தனை எளியது வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

சிக்கனத்தில் பிறந்த விளையாட்டு

இதன் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் பட்டங்கள் செய்வதில் வல்லவராய் விளங்கிய டோமினா ஜால்பெர்ட் என்பார், 1964இல் ஒரு புதுவகைத் துணிச்சிறகை உருவாக்கினார். மேலே ஒரு துணி, கீழே ஒரு துணி. இரண்டுக்கும் இடையே வரிசையாக அறைகள். அறைகளின் முன்வாய் மட்டும் திறந்திருக்கும். முன்னோக்கிச் செல்லுகையில் காற்று அவ்வாய்களின் வழியே புகுந்து அறைகளை நிரப்பும். தொய்ந்து கிடந்த துணி விமானத்தின் இறக்கை போல் உருக்கொள்ளும். இன்றைய பாராகிளைடர்கள் யாவும் இக்கருத்தின் வழி வந்தவையே.

அதே காலத்தில் டேவிட் பாரிஷ் என்னும் மற்றோர் அமெரிக்கர், விண்வெளியிலிருந்து திரும்பும் கலங்களை மெல்லத் தரையிறக்குவதற்கென ஒரு துணிச்சிறகை வகுத்தார். 1965இல் நியூயார்க் மாநிலத்தின் மலைச்சரிவொன்றிலிருந்து அதனைக் கொண்டு தாமே மிதந்து இறங்கியும் காட்டினார். பனிச்சறுக்கு விடுதிகள் பலவற்றிற்கும் சென்று இது நல்லதொரு பொழுதுபோக்காகும் என எடுத்துரைத்தார். ஆயினும் அக்காலத்து மக்கள் அதனைப் பெரிதாக எண்ணவில்லை. விதை விழுந்தது, முளைக்கவில்லை.

பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் அது முளைத்த இடம் பிரான்சு நாடு. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் மியூசி என்னும் சிற்றூரை அடுத்து வான்குடை வீரர் மூவர் இருந்தனர். ஷான் குளோட் பெத்தாம், ஆந்திரே போன், ஷெரார் போசோன் என்பன அவர்தம் பெயர்கள். குறித்த இடத்தில் பிசகாமல் இறங்கும் போட்டிக்கு அவர்கள் பயிற்சி பெற வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறை குதிப்பதற்கும் விமானத்திற்குக் கட்டணம் செலுத்த வேண்டும். அதுவோ கைக்கு எட்டாத செலவு. மலைச்சரிவிலிருந்தே வான்குடையோடு ஓடிப் புறப்பட்டால் என்ன என்னும் எண்ணம் அவர்களுக்கு உதித்தது. 1978ஆம் ஆண்டு சூன் மாதம் 25ஆம் நாள், வான்குடையைச் சரிவில் விரித்து வைத்து முதலில் பெத்தாம் ஓடினார். துணி காற்றைப் பிடித்தது. கால்கள் தரையை விட்டு எழுந்தன. அடுத்துப் புறப்பட்ட போன், ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழேயிருந்த பள்ளத்தாக்கின் கால்பந்துத் திடல் வரை மிதந்து சென்று இறங்கினார்.

பணம் மிச்சப்படுத்த நினைத்த மூவரால் ஒரு புதிய விளையாட்டு பிறந்தது. மறு ஆண்டே மியூசியில் இதற்கெனப் பயிற்சிப் பள்ளியும் எழுந்தது. பிரெஞ்சுக்காரர் இதனைப் 'பாராபாந்த்' என்பர். 'பாந்த்' என்றால் அம்மொழியில் சரிவு என்பது பொருள். சரிவிலிருந்து புறப்படும் வான்குடை என்று பிறந்த இடத்தின் அடையாளத்தைப் பெயரிலேயே தாங்கி நிற்கின்றது.

அதன்பின் வளர்ச்சி விரைவாயிற்று. 1988 செப்டம்பர் 26இல் ஷான் மார்க் போய்வான் என்னும் பிரெஞ்சு மலையேறி, எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலிருந்து துணிச்சிறகோடு புறப்பட்டு, பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் இரண்டாம் முகாமில் வந்து இறங்கினார். 1989இல் ஆஸ்திரியாவின் கோசன் என்னும் ஊரில் முதலாவது உலகப் போட்டி நடைபெற்றது. 2016 அக்டோபரில் பிரேசில் நாட்டு வீரர் மூவர், ஒருவர்க்கொருவர் துணையாகச் சேர்ந்தே பறந்து, ஒரே நாளில் 564 கிலோமீட்டரைக் கடந்தனர். சென்னையிலிருந்து திருநெல்வேலியை நோக்கி நேர்க்கோடு இழுத்தால் அதனினும் நீண்ட தொலைவு அது! பின்வந்தோர் அதனையும் விஞ்சிவிட்டனர்.

துணி சிறகாவது எங்ஙனம்?

எஞ்சின் இல்லாத ஒன்று இத்தனை தொலைவு செல்வது எவ்வாறு? இதனை விளங்கிக்கொள்ள, சரிவான பாதையில் மிதிக்காமலே உருண்டோடும் மிதிவண்டியை எண்ணிப் பார்ப்போம். மிதிவண்டி இறக்கத்தின் வலிமையால் முன்னே செல்கின்றது. துணிச்சிறகும் அவ்வாறே, தன்மேல் தொங்கும் மனிதரின் எடையால் சற்றே கீழிறங்கிக்கொண்டே முன்னே வழுக்கிச் செல்கின்றது. அங்ஙனம் செல்லுகையில் வளைந்த சிறகின் மேலும் கீழும் ஓடும் காற்று அதனைத் தாங்கிப் பிடிக்கின்றது.

இன்றைய சிறகு ஒரு மீட்டர் தாழ்வதற்குள் ஏறத்தாழ 8 முதல் 10 மீட்டர் வரை முன்னே சென்றுவிடும். அசையாத காற்றில் ஒரு விநாடிக்குச் சுமார் ஒரு மீட்டர் வீதம் தாழும். 1,000 மீட்டர் உயரத்திலிருந்து புறப்பட்டவர் வேறு உதவியின்றித் தரை சேரப் பதினைந்து நிமிடங்களுக்குச் சற்று மேலாகும். பேரன் சொன்ன 'பதினைந்து நிமிடம்' இக்கணக்கில் பிறந்ததே.

ஒருவர் பறக்கும் சிறகின் பரப்பு 20 முதல் 30 சதுர மீட்டர் வரை இருக்கும். இருவர் பறப்பதற்கு ஏறத்தாழ 40 சதுர மீட்டர் வேண்டும். கிழிசல் பரவாதபடி நெய்யப்பெற்ற நைலான் துணியால் இதனைத் தைக்கின்றனர். சிறகிலிருந்து கீழிறங்கும் நூல்கள் பார்வைக்கு மெலிந்தவை. ஆயினும் சுமக்க வேண்டிய எடையைப் போல் எட்டு மடங்கைத் தாங்குகின்றனவா எனச் சோதித்த பின்னரே சிறகுக்குச் சான்று வழங்கப்பெறும். பாட்டிமார் இவ்வளவில் மன ஆறுதல் கொள்ளலாம். எனினும் நூலும் துணியும் வெயிலில் நலிவுறும் பொருள்கள். குறித்த காலத்தில் சோதித்து, பழையன கழிக்க வேண்டியவை என்பதையும் மறத்தலாகாது.

சிறகின் பின்விளிம்பிலிருந்து வரும் நூல்கள் இரண்டு கைப்பிடிகளில் முடிகின்றன. வலக்கைப் பிடியை இழுத்தால் வலப்புறம் திரும்பும். இடக்கைப் பிடியை இழுத்தால் இடப்புறம். இரண்டையும் ஒருசேர இழுத்தால் வேகம் தணியும். அளவுக்கு மீறி இழுத்தால் சிறகு காற்றின் பிடியை இழந்து விழத் தொடங்கும். இருக்கையின் அடியிலும் முதுகுப் புறத்திலும் அதிர்ச்சி தாங்கும் பஞ்சுமெத்தை இருக்கும். தலைக்கவசம் கட்டாயம். சிறகு பயன்படாமற்போனால் கையால் எறிந்து விரிப்பதற்கென மற்றுமொரு சிறு வான்குடையும் இருக்கையோடு இணைந்திருக்கும்.

பருந்து காட்டும் பாதை

எப்போதும் தாழ்ந்துகொண்டேயிருக்கும் சிறகு மேலே ஏறுவது எவ்வாறு? இதற்கு விடை நம் ஊர் வயல்வெளியிலேயே உண்டு. நண்பகல் வேளையில் பருந்து சிறகை அசையாமல் விரித்துக்கொண்டு வட்டமிட்டவாறே மேலே மேலே செல்வதை நாம் பார்த்ததில்லையா? அதனைத் தூக்கிச் செல்வது மேலெழும் காற்று.

கதிரவன் நிலத்தைச் சுடும்போது எல்லா இடமும் ஒன்றுபோல் சூடாவதில்லை. காய்ந்த தரிசும் பாறையும் விரைந்து சூடாகும். நீர்நிலையும் மரச்செறிவும் மெல்லச் சூடாகும். சூடான நிலத்தின் மேலுள்ள காற்று இலேசாகித் தூண் போல் எழும். பறப்பவர் அத்தூணுக்குள் புகுந்து வட்டமிடுவர். சிறகு விநாடிக்கு ஒரு மீட்டர் தாழ, காற்றுத் தூணோ விநாடிக்கு மூன்று மீட்டர் எழுமாயின், இரண்டு மீட்டர் ஏற்றம் கிடைக்கும் அன்றோ? ஏறுகின்றோமா இறங்குகின்றோமா என்பதைக் கண்ணால் அறிதல் அரிது; ஆகவே ஏறும்போது ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றை உடன் வைத்திருப்பர். உச்சிக்குச் சென்றதும் அடுத்த தூணை நாடி வழுக்கிச் செல்வர். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடப்போர் செய்வது இதுவே. காற்று மலைமுகப்பில் மோதி மேலே வளைந்தெழும் இடங்களிலும் இவ்வாறே மிதந்து நிற்கலாம்.

கண்ணுக்குப் புலப்படாத இத்தூணை எங்ஙனம் கண்டறிவது? வட்டமிடும் பருந்தும் கழுகும் காட்டிக் கொடுக்கும். பஞ்சுப்பொதி போன்ற வெண்மேகம் தூணின் தலையை அடையாளம் காட்டும். கீழே அசையும் புல்லும் எழும் புகையும் காற்றின் திசையைச் சொல்லும். ஆகவே நல்ல பறப்பாளர் முதலில் நல்ல மாணாக்கர். வானத்தையும் நிலத்தையும் பறவையையும் வாசித்துக்கொண்டேயிருப்பது அவரது படிப்பு.

தாங்கும் காற்றே தாக்கும் காற்று

தூக்கிவிடும் அதே காற்று பகையாகும் வேளைகளும் உண்டு. அவற்றுள் முதன்மையானவை சிலவற்றைக் காண்போம்.

சிறகின் இயல்பான வேகம் மணிக்கு ஏறத்தாழ 38 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்றின் வேகம் மணிக்கு 45 கிலோமீட்டராயின், அவர் முன்னோக்கிப் பறந்துகொண்டே பின்னோக்கி இழுத்துச் செல்லப்படுவார். தரையில் நிற்கும் நமக்குச் சட்டையைப் படபடக்கச் செய்யும் இனிய தென்றலாகத் தோன்றுவதுகூட அவர்க்குத் தாங்கொணாததாகலாம்.

மலையின் முகப்பில் மோதும் காற்று ஏற்றம் தருமென்றோம். அதே காற்று முகட்டைத் தாண்டி மறுபுறம் இறங்குகையில், பாறையைக் கடந்த ஆற்று நீர் சுழிப்பது போல் சுழன்று கீழே அமுக்கும். மலையின் முதுகுப்புறத்தில் சிக்கியவர் பாடு அரிது.

காற்றின் குலுக்கல் மிகும்போது சிறகின் ஒரு பகுதி சட்டென மடிந்துவிடக்கூடும். விறைப்பான சட்டமில்லாத எளிமைக்குக் கொடுக்கும் விலை இது. தொடக்கநிலையினர்க்கென அமைந்த சிறகுகள் பெரும்பாலும் தாமே மீண்டும் விரிந்துகொள்ளும். ஆனால் அதற்குச் சில விநாடிகளும், இழப்பதற்குச் சிறிது உயரமும் வேண்டும். மடிப்பு நேர்வது தரைக்கு அருகிலாயின், அவ்வுயரம் கிடைப்பதில்லை. கையால் எறியும் வான்குடைக்கும் இது பொருந்தும். வானில் உயரம் காப்பு. தரையருகே இருப்பதே பெரும்பாலும் இடர்.

இன்னொன்று மிக அற்பமாகத் தோன்றும். இருக்கையின் கால்வார்களைப் பூட்ட மறப்பது! தோள்வார் பூட்டியிருக்கும், மார்புவார் பூட்டியிருக்கும், கால்வார் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ஓடி எழுந்த பின் பறப்பவர் இருக்கையிலிருந்து நழுவித் தொங்குவார். அனுபவமிக்கோரும் இம்மறதியால் உயிரிழந்துள்ளனர். ஆகவேதான் புறப்படுமுன் ஒவ்வொரு பூட்டையும் கையால் தொட்டு வரிசை மாறாமல் சரிபார்க்கும் வழக்கத்தை நல்லாசிரியர்கள் மாணாக்கரின் இரத்தத்தில் ஊறச் செய்கின்றனர்.

மேகம் விழுங்கிய வீராங்கனை

காற்றின் வலிமைக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறுவோம். 2007 பிப்ரவரி 14ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் மனில்லா என்னுமிடத்தில், உலகப் போட்டிக்கு முன்னதாக வீரர்கள் பயிற்சிப் பறப்பில் ஈடுபட்டிருந்தனர். அவர்களுள் ஒருவர் ஜெர்மனி அணியைச் சார்ந்த எவா விஸ்னியெர்ஸ்கா. உலகின் முன்னணி வீராங்கனைகளுள் ஒருவர். இடிமேகங்கள் திரண்டெழுந்தன. விலகிச் சென்றுவிடலாம் என எண்ணிய அவரை மேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. கீழிறங்கச் செய்த முயற்சி யாவும் வீணாயின.

அவர் உடனிருந்த கருவி பதிந்த உயரம் 9,946 மீட்டர்; எவரெஸ்ட் சிகரத்தினும் ஓராயிரம் மீட்டருக்கு மேல்! ஆலங்கட்டி மழை, உறையவைக்கும் குளிர், மூச்சுக்குப் போதாத காற்று. நாற்பது நிமிடங்களுக்கு மேல் அவர் நினைவிழந்திருந்தார். ஓட்டுவாரின்றியே சிறகு பறந்துகொண்டிருந்தது. தாழ்ந்து வந்த பின் நினைவு திரும்ப, புறப்பட்ட இடத்திற்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் அப்பால் அவர் தரையிறங்கினார். உறைகுளிர்ப் புண்களோடு உயிர் பிழைத்தார். அதே புயல் மேகத்தில் சிக்கிய சீன வீரரொருவரோ உயிரிழந்தார்.

இருவரும் தேர்ந்த வீரர்களே. அவர்களுக்குத் திறமை குறைவில்லை, கருவியிலும் குறையில்லை. இடிமேகம் திரளும் வானத்தில் எத்திறமையும் பயன் தராது என்பதே இந்நிகழ்ச்சி உரைக்கும் பாடம். பருந்தும் அவ்வேளையில் கிளையில் ஒடுங்கிக் கொள்கின்றதே!

கற்கும் முறை

முறையாகக் கற்க விரும்புவோர் முதல் நாளே மலையுச்சிக்குச் செல்வதில்லை. முதற்பாடம் சமவெளித் திடலில். சிறகைத் தரையில் விரித்து, காற்றை நோக்கி நின்று, அதனைத் தலைக்கு மேல் எழுப்பி, சாயாமல் நிறுத்திப் பழக வேண்டும். சிறுவர் பட்டம் விட்டுப் பழகுவதற்கு ஒப்பானது இது. பலமுறை சாயும், பலமுறை இழுத்துச் செல்லும். கைக்கும் சிறகுக்கும் உறவு ஏற்பட்ட பின்னரே சிறு மேட்டிலிருந்து ஓடிச் சில விநாடிகள் மிதப்பர். அதன்பின் ஆசிரியர் வானொலிக் கருவி வழியே காதில் சொல்லிக்கொண்டிருக்க, உயர்ந்த சரிவிலிருந்து தனியே இறங்குவர்.

செயற்பயிற்சியோடு வகுப்புப் பாடமும் உண்டு. காற்றின் இயல்பு, மேக வகைகள், பள்ளத்தாக்கில் பகலிலும் மாலையிலும் மாறும் காற்றோட்டம், வானில் ஒருவர்க்கொருவர் வழிவிடும் விதிகள் முதலியன கற்பிக்கப்பெறும். எல்லாவற்றிலும் கடினமான பாடம் ஒன்றுண்டு. அது புறப்படாமல் இருக்கக் கற்பது. விடுப்பு எடுத்து, பணம் செலவழித்து, மூச்சிரைக்க மலையேறி வந்த பின், "இன்று காற்றுச் சரியில்லை" எனத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு சிறகை மடிப்பது எளிதன்று. அருகில் நிற்போர் புறப்பட்டுக்கொண்டிருந்தாலோ இன்னும் கடினம். விபத்துகள் பலவற்றின் தொடக்கம் வானில் இல்லை; தரையில் நின்று எடுத்த அவசர முடிவில் இருக்கின்றது.

இமயத்தின் மடியில்

நம் நாட்டில் இவ்விளையாட்டுக்குப் பெயர் பெற்ற இடம் இமாசலப் பிரதேசத்தின் காங்ரா மாவட்டத்திலுள்ள பிர், பில்லிங் என்னும் இரட்டை ஊர்கள். தௌலாதார் மலைத்தொடரின் தென்முகத்தில், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் உள்ளது பில்லிங். புறப்படும் புல்வெளி அது. அதற்கு ஏறத்தாழ 1,000 மீட்டர் கீழே, தேயிலைத் தோட்டங்களும் திபெத்தியர் குடியிருப்பும் சூழ அமைந்தது பிர். இறங்கும் திடல் அங்குளது. தெற்கு நோக்கிய சரிவாதலால் பகல் முழுதும் கதிரவன் காய்ந்து மேலெழும் காற்றைத் தருகின்றான். 2015 அக்டோபரில் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி இங்கு நடைபெற்றது.

அம்மாநிலத்தில் ஆண்டுதோறும் சூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை பறத்தலுக்குத் தடை உண்டு என்பது கருதத்தக்கது. பருவமழைக் காலத்துக் காற்றையும் மேகத்தையும் நம்பலாகாது என்பதே காரணம். உலாச் செல்வோர் திட்டமிடும்போதே இதனை நினைவிற்கொள்க. தடைக்காலத்தில் எவரேனும், "நாங்கள் ஏற்பாடு செய்கின்றோம், வாருங்கள்" என்று அழைத்தால், அவர்க்குக் கொடுக்கத்தக்க ஒரே விடை மறுப்பு.

இருவர் பறப்புக்கு முன்

நம் குடும்பத்தினர் பெரும்பாலும் மேற்கொள்வது, தேர்ந்த ஓட்டுநரோடு இணைந்து ஒரே சிறகில் பறக்கும் இருவர் பறப்பே. இதில் நம் உயிர் மற்றொருவர் கையில் இருக்கின்றது. கடையில் புடவை வாங்கும்போது விளிம்பு வரை விரித்துப் பார்க்கும் நாம், இங்கே கேள்வி கேட்கக் கூச்சப்படலாமா? பின்வருவனவற்றைத் தயங்காது கேட்டறிவோமாக.

ஓட்டுநர்க்கு இருவர் பறப்பிற்கான உரிமம் உண்டா? தனியே பறக்கும் உரிமம் போதாது; இது வேறு. அவ்வுரிமத்தைக் காட்டச் சொல்லலாம், நல்லவர் சினங்கொள்ளார்.

இருவர்க்கும் தலைக்கவசம் உண்டா? அவசர வான்குடை இருக்கின்றதா? அது இருவரைத் தாங்கும் அளவினதா?

பறப்பவரின் எடையைக் கேட்டார்களா? ஒவ்வொரு சிறகுக்கும் தாங்கத்தக்க எடையின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் உண்டு. எடையைக் கேளாமலே ஏற்றுவோரிடம் எச்சரிக்கை வேண்டும்.

கால்வார், மார்புவார் யாவும் பூட்டப்பட்டனவா? ஓட்டுநர் சரிபார்ப்பார், நாமும் கையால் தொட்டுப் பார்ப்போம்.

புறப்படும்போது செய்ய வேண்டியது யாது என விளக்கினார்களா? பயணி செய்யத்தக்க பெரும் பிழை, கால் தரையிலிருக்கும்போதே அச்சத்தால் உட்கார்ந்துவிடுவது. ஓட்டுநர் சொல்லும் வரை ஓடிக்கொண்டேயிருத்தல் வேண்டும். இறங்கும்போது சொல்லியவுடன் கால்களை ஊன்ற ஆயத்தமாக இருத்தல் வேண்டும். கட்டிய காலணி அணிவது நன்று, செருப்பு உதவாது. கழுத்தில் பறக்கும் துப்பட்டாவையும் தளர்ந்து தொங்கும் ஆடையையும் தவிர்க்க. ஒளிப்பட ஆசையால் கைப்பேசியை நீட்டிக்கொண்டு ஓட்டுநரின் கைக்கு இடையூறு செய்யலாகாது.

கருவுற்ற தாய்மாரும், இதய நோய், முதுகெலும்பு நோய், வலிப்பு உடையோரும் இதனை விலக்குதல் நலம். ஐயமிருப்பின் மருத்துவரைக் கேட்டுக்கொள்க.

இறுதியாக, மலையுச்சிக்குச் சென்ற பின் ஓட்டுநர், "இன்று வேண்டாம், காற்று மிகுதி" என்றால் முகம் சுளியாதிருப்போம். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, நாளைக்கு ரயில் இருக்கின்றதே, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று வற்புறுத்துவது நம்மவர் வழக்கம். அன்றன்று பறந்தால்தான் அன்றன்று கூலி என்னும் நிலையிலுள்ள ஓட்டுநர்க்கு நம் வற்புறுத்தல் பெருஞ்சோதனை. அவருடைய மறுப்பை மதிப்பதும், இயன்றால் அதற்காக ஒரு நாளை உலாத் திட்டத்திலேயே மிகுதியாக வைத்துக்கொள்வதும் நம் கடமை. அவ்வாறே நம் பிள்ளை புறப்படும் வேளையில் மனம் ஒப்பாமல், "எனக்கு வேண்டாம்" என்றால் கேலி செய்யாதிருப்போம். கொடுத்த பணம் போனாலும் போகட்டும்.

பிள்ளைகளின் ஆசையை அறவே தடுப்பதும் முறையன்று. கேளாமல் விடுவதும் முறையன்று. கற்க விரும்பும் மகனையோ மகளையோ எந்தப் பள்ளிக்கு அனுப்பலாம் என ஒருவர் கேட்பின், நாம் சொல்லும் அடையாளம் ஒன்றே. அப்பள்ளி ஆசிரியர் எத்தனை முறை பறந்தார் என்று கேட்பதோடு நிற்க வேண்டா. கடந்த பருவத்தில் எத்தனை நாள் மாணாக்கரை மலையுச்சியிலிருந்து பறக்கவிடாமல் நடத்தியே இறக்கிக் கூட்டி வந்தார் என்றும் கேளுங்கள். மூட்டையை மீண்டும் தோளிலேற்றிக்கொண்டு நடந்து இறங்குபவரைக் கண்டு எவரும் கைதட்டுவதில்லை. ஆயினும் அவ்வாசிரியரிடம் உங்கள் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம்.